‘ஏ’யா, ‘ஆன்’னா? – ஒரு சிறு சொல்லின் நெடுங்கதை

ஆங்கில வகுப்பில் மாணவர்கள் முதல் ஆண்டிலேயே மனப்பாடம் செய்யும் விதி ஒன்று உண்டு. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளில் ஒன்றைக் கொண்டு தொடங்கும் சொல்லுக்கு முன் ‘ஆன்’ வரும். மற்றச் சொற்களுக்கு முன் ‘ஏ’ வரும் என்பதே அது. ‘ஆன் ஆப்பிள்’, ‘ஏ புக்’ என்று எழுதி மதிப்பெண் பெற்ற மாணவன் அடுத்த வகுப்புக்குப் போனதும் திகைத்து நிற்கிறான். ‘யூனிவர்சிட்டி’ என்ற சொல் உயிரெழுத்தில்தான் தொடங்குகிறது; ஆனால் அதற்கு முன் ‘ஏ’ போட வேண்டும் என்கிறார் ஆசிரியர். மணி நேரத்தைக் குறிக்கும் ‘அவர்’ என்ற சொல் ‘எச்’ என்ற மெய்யெழுத்தில் தொடங்குகிறது. அதற்கு முன் ‘ஆன்’ என்கிறார். எம்.ஏ. பட்டத்துக்கு முன் ‘ஆன்’, பி.ஏ. பட்டத்துக்கு முன் ‘ஏ’. “இவையெல்லாம் விதிவிலக்குகள்” என்று சொல்லி ஒரு பட்டியல் மனப்பாடத்துக்குத் தரப்படுகிறது.

உண்மையில் இவற்றில் ஒன்றுகூட விதிவிலக்கு அன்று. மாணவனுக்குச் சொல்லப்பட்ட விதிதான் தவறு. ‘ஏ’, ‘ஆன்’ இரண்டில் எது வரவேண்டும் என்பதை முடிவு செய்வது அடுத்த சொல்லின் முதல் எழுத்தன்று; அதன் முதல் ஒலி. கண் சொல்வதைக் கேட்காமல் காது சொல்வதைக் கேட்டால் ஒரே விதி போதும்: உயிரொலிக்கு முன் ‘ஆன்’, மெய்யொலிக்கு முன் ‘ஏ’.

அப்படியானால் கதை இத்துடன் முடிந்துவிட்டதா? இல்லை. ஒலி என்பது கல்லில் செதுக்கிய எழுத்தைப்போல் நிலையாக நிற்பதில்லை. அது நூற்றாண்டுக்கு நூற்றாண்டு மாறுகிறது. ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒலி மாறும்போதெல்லாம் ‘ஏ’யும் ‘ஆன்’னும் தம் இடத்தை மாற்றிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆகவே, பழைய நூல்களில் இவை நிற்கும் இடங்களைப் பார்த்து, அந்தக் காலத்து ஆங்கிலேயர் எப்படிப் பேசினர் என்று ஓரளவு அறிய முடிகிறது. இந்தச் சிறு சொற்களின் வரலாற்றை இனிக் காண்போம்.

ஒன்று என்ற எண்ணிலிருந்து

சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘ஏ’ என்றோ ‘ஆன்’ என்றோ தனிச் சொற்கள் இல்லை. ‘ஒரு மனிதன் வந்தான்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில், ‘மனிதன் வந்தான்’ என்பதே போதுமானதாக இருந்தது. எண்ணிக்கையை வற்புறுத்த வேண்டுமானால் ‘ஒன்று’ என்ற பொருளுடைய சொல்லைச் சேர்த்தனர். அச்சொல் நீண்ட ஆகாரத்துடன் ‘ஆ…ன்’ என்று ஒலிக்கப்பட்டது.

நாளடைவில் அந்த எண்ணுப்பெயர் இரண்டு வேலைகளைச் செய்யத் தொடங்கியது. ‘ஒன்றுதான், இரண்டல்ல’ என்று அழுத்திச் சொல்லும்போது முழு ஒலியோடு நின்றது. ‘யாரோ ஒரு மனிதன்’ என்று பொதுவாகச் சொல்லும்போது அழுத்தம் இழந்தது. அழுத்தம் இழந்த சொல் தேய்வது எல்லா மொழிகளிலும் நடப்பது. நெடில் குறிலாயிற்று, குறிலும் மங்கி, வாயை அதிகம் திறக்காமல் எழுப்பும் மெல்லிய அகரமாயிற்று.

ஏறத்தாழ 1150-ஆம் ஆண்டளவில் மற்றொரு மாற்றம் தொடங்கியது. அடுத்த சொல் மெய்யொலியில் தொடங்கினால், ‘ஆன்’ என்பதன் இறுதியில் உள்ள ‘ன்’ உதிரத் தொடங்கியது. உயிரொலிக்கு முன் மட்டும் அது உதிராமல் நின்றது. ஆகவே வரலாற்று முறையில் பார்த்தால், ‘ஏ’யுடன் ‘ன்’ சேர்ந்து ‘ஆன்’ ஆகவில்லை. ‘ஆன்’தான் மூத்தது, அது தேய்ந்ததே ‘ஏ’. இலக்கண நூல்கள் கதையைத் தலைகீழாகச் சொல்கின்றன!

இதே தேய்வு வேறு சில சொற்களிலும் நிகழ்ந்தது. ‘என்னுடைய’ என்ற பொருளுடைய ‘மைன்’ என்பது மெய்யொலிக்கு முன் ‘மை’ ஆயிற்று. ‘உன்னுடைய’ என்ற பொருளில் வழங்கிய ‘தைன்’ என்பது ‘தை’ ஆயிற்று. ‘நன்’ என்பது ‘நோ’ ஆயிற்று. எல்லாம் ஒரே குடும்பத்து வரலாறு.

தமிழில் ஒரு, ஓர்

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதன்று. ‘ஒன்று’ என்ற எண்ணிலிருந்து வந்த ‘ஒரு’, ‘ஓர்’ என்ற இரண்டு வடிவங்கள் நம்மிடமும் உள்ளன. ஒரு மரம், ஓர் ஊர். ஒரு பறவை, ஓர் இலை என்று எழுதுகிறோம். இரு, ஈர் என்பனவும் அது, அஃது என்பனவும் இதே முறையில் அமைந்தவை. இரண்டு உயிரொலிகள் நேருக்கு நேர் சந்தித்தால் பேச்சு தடைப்படும். அதைத் தவிர்க்கவே இரண்டு மொழிகளும் தனித்தனியே ஒரே வகையான வழியைக் கண்டன. இவற்றிற்குள் உறவு ஏதும் இல்லை. மனிதனின் நாவும் தொண்டையும் எங்கும் ஒன்றே என்பதுதான் ஒற்றுமைக்குக் காரணம்.

ஒலி மாறினால் முன்சொல்லும் மாறும் என்பதற்கும் தமிழிலேயே சான்று உண்டு. பழந்தமிழில் யாறு, யாடு, யாமை என்று வழங்கிய சொற்கள், முதலில் நின்ற யகர மெய்யை இழந்து ஆறு, ஆடு, ஆமை ஆயின. ‘ஒரு யாறு’ என்பதற்கு உரிய இடத்தில் இப்போது ‘ஓர் ஆறு’ என்கிறோம். விதி மாறவில்லை, சொல்லின் தலைதான் மாறியது. ஆங்கிலத்தில் நடந்ததும் இதுவே. ஆனால் ஆங்கிலத்தில் ஒலி மாறிய பிறகும் எழுத்து மாறாமல் நின்றுவிட்டது. அங்கேதான் குழப்பம் பிறந்தது.

இடம் மாறிய ‘ன்’

பேசும்போது சொற்களுக்கு இடையே நாம் இடைவெளி விடுவதில்லை. எழுத்தில் காணும் இடைவெளி காதுக்குக் கிடையாது. ‘ஏ’ என்ற சொல்லை அடுத்து நகரத்தில் தொடங்கும் சொல் வந்தாலும், ‘ஆன்’ என்ற சொல்லை அடுத்து உயிரில் தொடங்கும் சொல் வந்தாலும் காதில் விழுவது ஒன்றே. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலராக இருந்த காலத்தில், ‘ன்’ யாருடைய சொத்து என்று முடிவு செய்வது எளிதாக இல்லை. பல சொற்களில் முடிவு தவறாகப் போயிற்று.

சமையலறையில் உடைமேல் கட்டிக்கொள்ளும் துணியை ஆங்கிலத்தில் ‘ஏப்ரன்’ என்கிறோம். இது பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து ‘நேப்ரன்’ என்ற வடிவில் வந்தது. ‘ஏ நேப்ரன்’ என்பதை மக்கள் ‘ஆன் ஏப்ரன்’ என்று பிரித்துக் கேட்டனர், நகரம் பறிபோயிற்று. இதன் உடன்பிறப்பான ‘நாப்கின்’ மட்டும் தன் நகரத்தை இன்றும் காத்துக்கொண்டிருக்கிறது.

கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவர் ‘அம்பயர்’ என்பவரின் கதையும் இதுவே. பழைய பிரெஞ்சில் ‘நோம்பேர்’ என்பது போன்ற வடிவம் இருந்தது. ‘எவருக்கும் இணையாகாதவர்’, அதாவது இரு தரப்பிலும் சேராத மூன்றாமவர் என்பது பொருள். அங்கேயும் நகரம் ‘ஏ’யுடன் ஒட்டிக்கொண்டது. விரியன் வகைப் பாம்பைக் குறிக்கும் ‘ஆடர்’ முன்பு ‘நாடர்’ எனத் தொடங்கியது. தச்சர்கள் மரத்தில் துளையிடப் பயன்படுத்தும் ‘ஆகர்’ என்ற கருவிக்கும் ஒரு காலத்தில் நகரம் முன்னே இருந்தது.

இழப்பு ஒரு பக்கம் என்றால் வரவும் இருந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் ‘நிக்நேம்’ என்பதில் முதலில் நகரம் இல்லை. ‘ஈக்’ என்றால் ‘கூடுதல்’. ‘ஈக்நேம்’ என்றால் கூடுதல் பெயர். ‘ஆன் ஈக்நேம்’ என்பது ‘ஏ நீக்நேம்’ ஆகி, பிறகு இன்றைய வடிவை அடைந்தது. நீரிலும் நிலத்திலும் வாழும், பல்லி போன்ற உருவமுடைய ‘நியூட்’ என்ற உயிரினமும் இப்படியே நகரத்தைப் பெற்றது. ‘மைன்’ என்பதிலிருந்த ‘ன்’ ஒட்டிக்கொண்டதால் எட் என்ற செல்லப்பெயர் நெட் ஆயிற்று. எலென் என்பவள் நெல் ஆனாள்.

‘ஆரஞ்சு’ என்ற சொல்லையும் சிலர் இந்தப் பட்டியலில் சேர்ப்பதுண்டு. அது முழுவதும் சரியன்று. வடமொழியில் ‘நாரங்க’, பாரசீகத்தில் ‘நாரங்’, அரபியில் ‘நாரஞ்ச்’ என்று அச்சொல் மேற்கே பயணம் செய்தது. வடமொழிச் சொல்லுக்கே திராவிட மூலம் இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுவர். நம் ‘நாரத்தை’ இங்கே நினைவுக்கு வரும். ஸ்பானிய மொழி இன்றும் ‘நாரன்ஹா’ என்று நகரத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. பிரெஞ்சு, இத்தாலி மொழிகளிலோ நகரம் முன்னமேயே மறைந்துவிட்டது. ஆகவே ஆங்கிலத்துக்கு வரும்போதே அச்சொல் நகரம் இன்றித்தான் வந்தது. இந்தத் திருட்டில் ஆங்கில ‘ஆன்’னுக்குப் பங்கில்லை.

1476-இல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் நிறுவினார். அச்சு பரவியதும் சொற்களுக்கு இடையேயுள்ள இடைவெளி மெல்ல உறுதியாயிற்று. புதிய இடமாற்றங்கள் அருகின. ஆனால் அச்சு நிறுத்தியது எழுத்தை மட்டுமே. ஒலி தன் போக்கில் நடந்துகொண்டிருந்தது.

வெறும் மூச்சாகிய ஓர் எழுத்து

‘ஏ–ஆன்’ வழக்கில் மிக அதிகத் தொல்லை தந்த எழுத்து ‘எச்’. காரணம் அதன் இயல்பிலேயே இருக்கிறது. உயிரொலிகளை எழுப்பும்போது தொண்டையிலுள்ள குரல்நாண்கள் அதிர்கின்றன. ஹகரத்தை எழுப்பும்போது அவை விலகி நிற்க, மூச்சு உராய்ந்துகொண்டு வெளியே வருகிறது. நாவும் உதடும் அடுத்து வரும் உயிருக்கு உரிய நிலையில் முன்கூட்டியே நின்றுவிடுகின்றன. ‘ஹீ’ என்றும் ‘ஹூ’ என்றும் சொல்லத் தொடங்கி, ஹகரத்திலேயே நிறுத்திப் பாருங்கள். முதலாவதில் உதடு விரிந்தும், இரண்டாவதில் குவிந்தும் இருக்கும். ஆகவே ஹகரம் என்பது அடுத்த உயிரின் மூச்சுத் தொடக்கமே. சற்று அசட்டையாகப் பேசினால் அது மறைந்துவிடும்.

மறைந்த இடங்களும் பல. ‘அது’ என்ற பொருளுடைய ‘இட்’ பழைய ஆங்கிலத்தில் ‘ஹிட்’ என்றிருந்தது. நம் அண்டை மொழியாகிய கன்னடத்தில் பழைய பகரம் ஹகரமாகிப் பால் ‘ஹாலு’ என்றானது. நாட்டுப்புறப் பேச்சு சிலவற்றில் அந்த ஹகரமும் மறைந்து ‘ஆலு’ என்றாயிற்று.

லத்தீன் மொழியிலும் பொதுமக்கள் பேச்சில் ஹகரம் கிறிஸ்துவுக்கு முன்பே தேயத் தொடங்கிவிட்டது. படித்தவராகத் தோன்ற விரும்பியவர்கள் தேவையில்லாத இடத்திலும் அதைச் சேர்த்தனர். அர்ரியஸ் என்ற ஒருவர் அப்படிப் பேசியதைக் கேலி செய்து ரோமானியக் கவிஞர் கட்டுல்லஸ் ஒரு கவிதையே எழுதியிருக்கிறார். பேச்சை வைத்து மனிதனை எடைபோடும் வழக்கம் எவ்வளவு பழையது என்பதை இது காட்டுகிறது. லத்தீனிலிருந்து பிறந்த பிரெஞ்சு மொழியில் அந்த ஹகரம் எழுத்தில் மட்டும் ஆங்காங்கே நின்றது, ஒலியில் இல்லை.

1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்றனர். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு ஆட்சி செய்தது. அதன் வழியாக ஆங்கிலத்தில் நுழைந்த ஹகரச் சொற்கள் ஹகர ஒலி இன்றியே வந்தன. ஆனால் வீடு, கை, குதிரை, நூறு ஆகியவற்றைக் குறிக்கும் ‘ஹவுஸ்’, ‘ஹாண்ட்’, ‘ஹார்ஸ்’, ‘ஹண்ட்ரட்’ முதலிய உள்நாட்டுச் சொற்களுக்கு ஹகர ஒலி உண்டு. இவற்றிற்கு முன்னும் நெடுங்காலம் ‘ஆன்’ எழுதப்பட்டது. 1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் கால விவிலிய மொழிபெயர்ப்பில் ‘ஆன் ஹவுஸ்’, ‘ஆன் ஹண்ட்ரட்’ என்ற வடிவங்களைக் காணலாம். ‘ஆன்’ பின்வாங்கிய பாதையில் ஹகரமே கடைசிக் கோட்டையாக இருந்தது.

வாக்கரின் பட்டியல்

18-ஆம் நூற்றாண்டில் பள்ளியும் அச்சும் பெருகின. எழுத்தைப் பார்த்து உச்சரிக்கும் புதிய வழக்கம் தோன்றியது. ‘எழுத்து இருக்கிறதே, ஒலிக்காமல் விடலாமா?’ என்ற எண்ணம் வளர்ந்தது. பிரெஞ்சு வழியாக ஒலியிழந்து வந்த சொற்களுக்கு ஒவ்வொன்றாக ஹகர ஒலி ஊட்டப்பட்டது.

1791-இல் ஜான் வாக்கர் என்பவர் லண்டனில் ஓர் உச்சரிப்பு அகராதியை வெளியிட்டார். நெடுங்காலம் அது ஆங்கில உலகில் நீதிமன்றத் தீர்ப்பைப்போல் மதிக்கப்பட்டது. அதில் ஹகரத்தை ஒலிக்கக் கூடாத சொற்களின் பட்டியலை அவர் தந்திருக்கிறார். வாரிசைக் குறிக்கும் ‘ஏர்’, நேர்மையைக் குறிக்கும் ‘ஆனஸ்ட்’, மதிப்பைக் குறிக்கும் ‘ஆனர்’, மணி நேரமாகிய ‘அவர்’ ஆகியவை அதில் உள்ளன. இவற்றில் இன்றும் ஹகரம் ஒலிப்பதில்லை. ஆனால் மருத்துவமனையைக் குறிக்கும் ‘ஹாஸ்பிட்டல்’, பணிவைக் குறிக்கும் ‘ஹம்பிள்’, நகைச்சுவையைக் குறிக்கும் ‘ஹியூமர்’, மூலிகையைக் குறிக்கும் ‘ஹெர்ப்’ ஆகியவையும் அதே பட்டியலில் இருக்கின்றன! வாக்கரின் காலத்தில் ‘ஆஸ்பிட்டல்’, ‘அம்பிள்’ என்று சொன்னவரே படித்தவர். நம் ஊரில் வழங்கும் ‘ஆஸ்பத்திரி’யைப் பட்டிக்காட்டுச் சொல் என்று நகைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதே வாக்கர் தம் நூலில் லண்டன் நகரத்துச் சாதாரண மக்களின் குற்றங்களாகச் சிலவற்றைக் குறிப்பிடுகிறார். ஒலிக்க வேண்டிய இடத்தில் ஹகரத்தை விடுவதும், வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் அவற்றில் ஒன்று. அதாவது, ‘ஹாஸ்பிட்டல்’ என்பதில் ஹகரத்தை விட்டால் நாகரிகம்; ‘ஹவுஸ்’ என்பதில் விட்டால் குற்றம். எந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது, எது உள்நாட்டுச் சொல் என்று அறியாத ஓர் உழைப்பாளிக்கு இந்த வேறுபாடு எப்படித் தெரியும்?

ஓர் ஒலியால் வந்த இழிவு

19-ஆம் நூற்றாண்டில் நிலைமை மேலும் கடுமையாயிற்று. தொழிற்புரட்சியால் ஊர்விட்டு நகரத்துக்கு வந்து பொருள் சேர்த்தவர்கள் பெருகினர். உடையை வாங்கலாம், வீட்டை வாங்கலாம். பேச்சை வாங்க முடியாது. ஆகவே பேச்சே குலத்தைக் காட்டும் அடையாளமாயிற்று. பேச்சில் ஹகரத்தை விடுபவர் தாழ்ந்தவர் என்ற கருத்து வேரூன்றியது. 1854-இல் ‘எச்’ என்ற எழுத்தே தன் துயரத்தை முறையிடுவதுபோல் ஒரு சிறு நூல் லண்டனில் வெளிவந்தது. அதுபோன்ற கையேடுகளை வாங்கி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தவர்கள் பலர்.

சார்லஸ் டிக்கன்ஸ் 1849–50-இல் எழுதிய ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் யூரையா ஹீப் என்ற கபட மனிதன் வருகிறான். தன்னைப் பணிவானவன் என்று ஓயாமல் சொல்லிக்கொள்வான். சொல்லும்போதெல்லாம் ‘அம்பிள்’ என்பான். வாக்கரின் அகராதியில் அதுதான் சரியான உச்சரிப்பு. அறுபது ஆண்டுகளுக்குள் அதுவே நகைப்புக்குரியதாகிவிட்டது. ஒலி அதுவேதான், அதைக் கேட்டவர்களின் மனம்தான் மாறிவிட்டது.

பெர்னார்ட் ஷா எழுதி, 1914-இல் லண்டன் மேடையேறிய ‘பிக்மேலியன்’ நாடகம் இந்தக் கொடுமையை நகைச்சுவையாக்கியது. பூ விற்கும் பெண் ஒருத்தி உச்சரிப்பை மாற்றியதும் சீமாட்டியாக ஏற்கப்படுகிறாள். அந்நாடகத்தைத் தழுவி 1964-இல் வந்த ‘மை ஃபேர் லேடி’ திரைப்படத்தில், எரியும் சுடரின்முன் அவள் ஹகரம் பழகும் காட்சி உண்டு. ஹகரம் சரியாக வந்தால் மூச்சுக் காற்றில் சுடர் அசையும். வாசகர்கள் தம் உள்ளங்கையை வாயருகே வைத்து இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். நெருப்பு வேண்டியதில்லை.

ஒலி ஒன்று, எழுத்து ஒன்று

இனி ‘யூனிவர்சிட்டி’க்கு வருவோம். இதற்கு முன் ‘ஏ’ வருவதன் காரணம் எளிது: சொல் யகர மெய்யொலியில் தொடங்குகிறது. ஆனால் எப்போதும் அப்படி இல்லை. பிரெஞ்சிலிருந்து வந்த இந்த உயிர், ஆங்கிலத்தில் முதலில் ‘இஉ’ என்ற ஈருயிராக ஒலித்தது. அழுத்தம் முதலில் உள்ள இகரத்தின்மேல் இருந்தது. பிறகு அழுத்தம் பின்னுள்ள உகரத்துக்கு நகர்ந்தது. அழுத்தம் இழந்த இகரம் யகர மெய்யாகச் சுருங்கி, ‘யூ’ பிறந்தது. இகரத்துக்கும் யகரத்துக்கும் உள்ள நெருக்கம் தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்குத் தெரிந்ததே.

ஒலி மாறிய பிறகும் பழைய ‘ஆன்’ எழுத்தில் நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்தில், குடியுரிமை வழங்குவது பற்றிய பகுதியில் ‘யூனிஃபார்ம்’ என்ற சொல்லுக்கு முன் ‘ஆன்’ நிற்கிறது. இன்று ஒரு மாணவன் அப்படி எழுதினால் சிவப்பு மை பாயும். அன்று அதை எழுதியவர்கள் இலக்கணம் அறியாதவர்கள் அல்லர்.

எல்லாவற்றிலும் விந்தையானது ‘ஒன்று’ என்ற எண்ணின் கதை. ‘ஏ’, ‘ஆன்’ ஆகியவற்றைப் பெற்றெடுத்த அதே பழைய சொல், அழுத்தத்தோடு நின்ற இடத்தில் ஆகாரம் ஓகாரமாகி வளர்ந்தது. சில வட்டாரப் பேச்சுகளில் அந்த ஓகாரத்துக்கு முன் வகரம் தோன்றியது. நம் பேச்சுவழக்கில் ‘ஒன்று’ என்பது ‘வொண்ணு’ என்று ஒலிப்பதைப் போன்றதே இது. அந்த உச்சரிப்பு பரவி, 1700-ஆம் ஆண்டளவில் பொதுவழக்காகி, இன்றைய ‘வன்’ உருவாயிற்று. எழுத்தோ ஓகாரத்திலேயே நின்றது. ‘தனியே’ என்ற பொருளுடைய ‘அலோன்’, ‘மட்டும்’ என்ற பொருளுடைய ‘ஓன்லி’ ஆகிய சொற்கள் இதே மூலத்திலிருந்து பிறந்தவை. அவற்றில் வகரம் நுழையவில்லை. வகரம் வருமுன் ‘ஆன்’ பெற்ற அந்த எண்ணுக்கு முன் இன்று ‘ஏ’தான் வரும். தாயும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒருவரை ஒருவர் அடையாளம் காண முடியாத நிலை!

இன்றும் தொடரும் மாறுபாடுகள்

மூலிகையைக் குறிக்கும் சொல்லைப் பிரிட்டனில் ‘ஹெர்ப்’ என்கின்றனர். ஆகவே ‘ஏ ஹெர்ப்’. அமெரிக்காவில் பழைய முறைப்படி ‘எர்ப்’ என்கின்றனர். ஆகவே ‘ஆன் எர்ப்’. இரண்டு நாடுகளும் ஒரே விதியைத்தான் பின்பற்றுகின்றன. எழுத்து ஒன்றாகவும் ஒலி இரண்டாகவும் இருப்பதால் முடிவு மாறுகிறது. இதில் பழைமையைக் காத்தது அமெரிக்காதான் என்பது சுவையான செய்தி.

‘ஹிஸ்டரி’ என்ற சொல்லில் அழுத்தம் முதல் அசையில் விழுகிறது. ஹகரம் தெளிவாகக் கேட்கிறது. ‘ஏ ஹிஸ்டரி’ என்கின்றனர். ‘ஹிஸ்டாரிக்’ என்பதில் அழுத்தம் இரண்டாம் அசைக்குப் போய்விடுகிறது, முதலசை மெலிகிறது, ஹகரம் மங்குகிறது. ஆகவே ‘ஆன் ஹிஸ்டாரிக்’ என்று எழுதுவோர் இன்றும் உள்ளனர். ‘ஏ ஹிஸ்டாரிக்’ என்பதே இன்று பெருவழக்கு. எனினும் மற்றது பிழையன்று.

‘எச்’ என்ற எழுத்தின் பெயரிலேயே சண்டை உண்டு. இங்கிலாந்தின் பழைய வழக்கு ‘ஏய்ச்’; அயர்லாந்தில் பரவலாக வழங்குவது ‘ஹேய்ச்’. வட அயர்லாந்தில் இந்த எழுத்தின் பெயரை ஒருவர் சொல்லும் முறையை வைத்து, அவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டண்டா என்று ஊகிக்கும் வழக்கம் இருந்தது. 1960-களின் இறுதியிலிருந்து 1998 வரை அங்கே நிலவிய கலவரக் காலத்தில் அந்த ஊகம் விளையாட்டான செய்தியாக இருந்திருக்க முடியாது. தமிழ்நாட்டிலும் எச், ஹெச் என்ற இரண்டும் வழங்குகின்றன, தலைமையாசிரியரை ‘ஹெச்.எம்.’ என்கிறோம். அப்படிச் சொல்பவர் அதற்கு முன் ‘ஏ’ போடுவதும், ‘எச்.எம்.’ என்பவர் ‘ஆன்’ போடுவதும் தத்தம் ஒலிக்குப் பொருந்தியவையே.

லண்டன் நகரில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஆய்வுகள் ஒரு புதுமையைக் கண்டன. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் கலந்து வாழும் பகுதிகளில், உயிரொலிக்கு முன்னும் ‘ஏ’ என்றே சொல்லும் இளைஞர்கள் இருக்கின்றனர். இரண்டு உயிர்கள் மோதாமல் இருக்க, இடையே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கின்றனர். இதே இளைஞர்கள், தம் தாத்தா காலத்து லண்டன்வாசிகள் விட்டுவிட்ட ஹகரத்தை ஒலிக்கவும் செய்கின்றனர். மாற்றம் நின்றுவிடவில்லை.

தமிழ் எழுத்து ஒரு கருவி

தமிழ் வழியில் பயிலும் மாணவர்களுக்கு இவ்விஷயத்தில் ஒரு வசதி உண்டு. தமிழ் எழுத்து ஒலியோடு ஒட்டிச் செல்வது. ஆங்கிலச் சொல்லை அதன் உச்சரிப்புப்படி தமிழில் எழுதி, முதலெழுத்தைப் பாருங்கள். உயிரெழுத்தானால் ‘ஆன்’, உயிர்மெய்யானால் ‘ஏ’. யூனியன், யூரோப்பியன் – யகரம்; ‘ஏ’. வன் – வகரம், ‘ஏ’. ஆனஸ்ட் – ஆகாரம், ‘ஆன்’. எம்.எல்.ஏ., எல்.ஐ.சி., எக்ஸ்ரே – எகரம், ‘ஆன்’. பி.ஏ., டி.வி., யு.என். – ‘ஏ’. நீண்ட பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கை மட்டும் தேவை. நம் பேச்சில் சொல்லின் முதலில் வரும் எகரம் ‘யெ’ என்றும், ஒகரம் ‘வொ’ என்றும் சற்றே நெகிழ்வதுண்டு. ‘எலி’ என்று எழுதி ‘யெலி’ என்கிறோம். அதே பழக்கத்தில் ‘யெம்.ஏ.’ என்று சொன்னால் காது நம்மை ஏமாற்றிவிடும். சொல்லின் உச்சரிப்பை ஐயமின்றி அறிந்த பிறகே இந்தக் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

உச்சரிப்பு ஊருக்கு ஊர் வேறுபடுமானால் எதைப் பின்பற்றுவது என்று கேட்கலாம். ஏதேனும் ஓர் ஒழுங்கான உச்சரிப்பைத் தேர்ந்து, அதில் உறுதியாக நின்றால் போதும். ‘ஏ’யும் ‘ஆன்’னும் தாமே வந்து சேரும். தேர்வுத்தாள் திருத்துபவர் எதிர்பார்க்கும் வடிவை அறிந்து எழுதுவதும் தவறன்று. ஆனால் வேறு விதமாகப் பேசுபவனைக் கண்டு நகைக்குமுன், வாக்கரின் பட்டியலை நினைவில் கொள்ள வேண்டும். அன்று உயர்ந்தோர் நாவில் இருந்த ‘ஆஸ்பிட்டல்’ நூறு ஆண்டுகளுக்குள் தாழ்ந்தோர் பேச்சாகிவிட்டது. எந்த ஒலியிலும் உயர்வோ தாழ்வோ பிறவியிலேயே அமைந்திருப்பதில்லை. அவற்றை ஏற்றிவைப்பவர்கள் கேட்பவர்களே.